அண்ணன் போட்ட பென்சில் கோடு

ஜனவரி 6

அண்ணிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இதற்கு மட்டும் பொய் எழுதக் கூடாது.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் காகிதம் வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டேன். தையல் மெஷினில் பழகிய கை, பேனாவைப் பிடிக்க அடம் பிடிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் அத்தையாகப் போகிறீர்கள். பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும். அண்ணன் இருந்திருந்தால் முதல் போன் அண்ணனுக்குத்தான் போயிருக்கும். போய் எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எண்ணை அழுத்தப் போய்விட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

வாந்தி வரும், தலை சுற்றும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. ஒண்ணுக்குத்தான் அண்ணி. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி. பஸ்ஸில் ஏறும்போதே எப்போது இறங்குவோம் என்று இருக்கிறது.

ஆலையில்தான் கஷ்டம். மேற்பார்வை அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். எங்கள் வரிசை முழுவதற்கும் அது ஒன்றுதான். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். நான் அதை நகை மாதிரி மாட்டிக்கொண்டே திரிகிறேன். பக்கத்து மெஷின்காரி, "உனக்கே எழுதிக் குடுத்துட்டாங்களாடி அத?" என்று கேட்கிறாள்.

மூன்று மாதம் முடிகிறவரை அங்கே யாரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டுகிற மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். காலர் தைப்பது இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

இது எல்லோருக்கும் வருவதுதானா? உங்களைத் தவிர யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள்
வாண்டு (அண்ணன் வைத்த பேரே இருக்கட்டும்)


ஜனவரி 13

சின்னவளுக்கு,

நான் இருக்கிறேன். இடுப்பு வலியும் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. காலையில் ரொட்டி, ராத்திரி சோறு. பொய் இல்லை.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தானே படிக்க வரும். அதனால் சந்தோஷமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. "அத்தை" என்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

வாண்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது அவர் கூப்பிடுகிற பேர். நான் சின்னவள் என்றே எழுதுகிறேன். போன் எடுக்காததற்கும் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு உன் அண்ணன் குரல். பேச ஆரம்பிக்கும்போது அவர் மாதிரியே ஒரு இழுப்பு இழுப்பாய். அதைக் கேட்டால் அவரே வந்துவிட்டார் என்று வாசலைப் பார்த்துவிடுகிறேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எனக்குப் பிள்ளை வாய்க்கவில்லை, அதனால் கேட்டுத்தான் சொல்ல முடியும். நான் துணி தேய்க்கிற லாண்டரிக்கு ஒரு நர்சம்மா உடுப்பு கொண்டுவருவார்கள். அவரிடம் மெதுவாக, "அம்மா, மாசமா இருந்தா அடிக்கடி ஒண்ணுக்கு வருமா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கு?" என்றார். "எனக்கில்லம்மா, எனக்கில்ல!" என்று நான் கத்திய கத்தில் பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைச் சுட்டுக்கொண்டாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இது வருவதுதான், பயப்பட ஒன்றும் இல்லை. உடம்பில் ரத்தம் கூடுகிறது, அதனால் நீரும் கூடுகிறது. கர்ப்பப்பையும் பெரிதாகி நீர்ப்பையை அழுத்துகிறது. நாலாம் மாசத்தில் கொஞ்சம் விடும், கடைசி மாசங்களில் மறுபடி பிடிக்கும். வந்தால் அடக்காதே. டீயைக் குறைத்துக்கொள். போகும்போது கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் முழுசாகப் போய்விடும், உடனே திரும்ப ஓட வேண்டாம். படுக்கப் போகிறதுக்கு முன்னால் தண்ணீரைக் குறைக்கலாம். ஆனால் பகலில் குறைக்கவே கூடாது. இதை அவர் இரண்டு தரம் சொன்னார், நானும் இரண்டு தரம் எழுதுகிறேன். பகலில் தண்ணீரைக் குறைக்காதே. எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

உன் வீட்டுக்காரத் தம்பியை உன் தண்ணீர்ப் பாட்டிலுக்குக் காவல் வை. கனமாக எதையும் தூக்காதே.

உன் அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

சுகம்தான். நீங்கள் கத்தியதைப் படித்துக் காட்டியதில் அவர் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். கை சுட்டுக்கொண்ட அக்காவுக்கு இப்போது பரவாயில்லையா?

நீங்கள் எழுதியபடிதான் எல்லாம் செய்கிறேன். குனிந்து உட்கார்ந்தால் உண்மையாகவே பலன் தெரிகிறது.

ஆலையில் ஒரு வேடிக்கை. மேற்பார்வை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. போய் சர்க்கரை பாத்துக்கோ, இந்த வயசுல இது ஆகாது" என்றார். மறுநாள் இடைவேளையில் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. மேற்பார்வை அக்காவின் உத்தரவாம்! அன்றைக்கு என்று பார்த்து எனக்கு அகோரப் பசி.

மார்ச் கடைசியில் புது மெஷின் இறக்குகிறார்கள். அதற்காக ஆலையைக் கொஞ்ச நாள் மூடுவார்களாம். அப்போது அங்கே வந்து உங்களோடு இருக்கலாம் என்று ஆசையாக இருக்கிறது. கட்டிலில் கிடந்து உங்களிடம் திட்டு வாங்க வேண்டும்.

அண்ணன் ஆரம்பித்த அந்த அறை இப்போது எப்படி இருக்கிறது அண்ணி?

உங்கள் வாண்டு


பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

நான் சுகம். கை சுட்டுக்கொண்டவளுக்கும் சுகம், தழும்பைக் காட்டி என்னிடம் தினமும் டீ வாங்கிக் குடிக்கிறாள்.

வா. இதைக் கேட்கவா வேண்டும்? மார்ச் கடைசி என்றால் வெயில் ஏறியிருக்கும். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டேன். மெத்தையை மாடியில் காயவைத்துத் தட்டினேன், எதிர்வீடு வரை தூசி போய் அவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். தலையணைக்குப் புது உறை இரண்டு தைத்தேன். ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது, நீ வந்து பார்த்துச் சிரிக்கலாம். விசிறியில் சத்தம் வருகிறது, எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன். நீ குளிப்பதற்கு வெந்நீர் போடும் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துவைத்தேன்.

அந்த பிஸ்கட்டை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. நீ வா, நான் வாங்கித் தருகிறேன்.

வேறொன்றும் விசேஷம் இல்லை.

உன் அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்தது.

மார்ச்சில் வருவது எப்படி ஆகும் என்று தெரியவில்லை. பஸ்ஸில் இவ்வளவு தூரம் உட்கார்ந்து வர வேண்டும். அவருக்கும் இங்கே சமையலுக்கு ஆள் இல்லை. குழந்தை பிறந்த பிறகு நிதானமாக வருகிறேனே. தலையணை உறை அப்படியே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாண்டு


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

சுகமா? கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நானே ஒரு மூச்சில் படித்துவிட்டேன்.

தம்பிக்குச் சமைக்கத் தெரியும். உன் கல்யாணத்துக்கு முன்னால் வந்தபோது எனக்கே சமைத்துப் போட்டிருக்கிறார். அதனால் சமையல் சாக்கு வேண்டாம். பஸ் என்றால் வழியில் நிறுத்தி நிறுத்தி வரலாம், அவர் வண்டியிலேயே கூட்டிவரலாம்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எனக்கு நாலு வார்த்தை கோத்து எழுதத் தெரியாது, தெரியும் உனக்கு. வீட்டில் பேச ஆள் இல்லை. நீ வருகிறாய் என்றதும் இரண்டு பேருக்குச் சேர்த்து யோசிக்கப் பழகிவிட்டேன். கட்டிலை மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்த எனக்குத் தெம்பு இல்லை.

தண்ணீர் குடிக்கிறாயா?

உன் அண்ணி


மார்ச் 1

அக்காவுக்கு,

வேனில் சரக்கு ஏற்றிப் போகிறவன் நான். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது அவள் நன்றாக இருக்கிறாள், பிள்ளையும் நன்றாக இருக்கிறது. இதை ஒரு தரம் படித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வாரம் அவளுக்கு நல்ல காய்ச்சல். ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நீர்ப்பையில் கிருமி சேர்ந்திருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று சொன்னார். மாசமாக இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்தாகப் பார்த்துக் கொடுத்தார். சாப்பிட்டதும் இறங்கிவிட்டது. வீட்டில் என் முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு, ஆலையில் சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லையாம். அந்தச் சிவப்பு அட்டைக்குப் பயந்துகொண்டு! பாட்டிலைக் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் காலியாகக் கொண்டுவந்து காட்டுவாள். நானும், ஆகா, குடித்துவிட்டாள் என்று நம்பினேன். காவல்காரன் லட்சணம் இதுதான்.

இன்னொன்று. இதைச் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் சொல்கிறேன். அவள் வராததற்குச் சமையலும் காரணமில்லை, பஸ்ஸும் காரணமில்லை. உங்கள் வீட்டுக் கழிப்பறை தோட்டத்துக் கடைசியில் இருக்கிறது. அந்தப் பாசி பிடித்த படியில் இறங்கிப் போக வேண்டும். ராத்திரி அத்தனை தடவை அதில் போய்வர அவளுக்குப் பயம். "அப்ப அண்ணிகிட்ட சொல்லேன், உள்ளே பாதியில நிக்கற கழிப்பறையை முடிச்சுடச் சொல்லி" என்றேன். "ஒரு தரம் கேட்டேன், அதுக்கு அண்ணி பதிலே எழுதல. அந்தப் பேச்ச எடுத்தா அவங்க தாங்க மாட்டாங்க. நீ வாயத் தொறந்த, அவ்வளவுதான்" என்றாள்.

தொறந்துவிட்டேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அடித்தால் உங்கள் பேரைச் சொல்வேன்.

அன்புடன்
தம்பி


மார்ச் 4

சின்னவளுக்கு,

தம்பியை அடிக்காதே. அவர் செய்ததுதான் சரி.

உன்னை நேரில் பார்த்தால் முதலில் இரண்டு சாத்து, அப்புறம்தான் பிஸ்கட். இரண்டு தரம் எழுதினேனே, பகலில் தண்ணீரைக் குறைக்காதே என்று! ஒரு அட்டைக்குப் பயந்து யாராவது வயிற்றுப் பிள்ளையைத் தாகத்தில் போடுவார்களா? நாளைக்கே மேற்பார்வை அக்காவிடம் போய்ச் சொல்லு. மூணு மாசம் தாண்டிவிட்டது. நூல் வெட்டச் சொன்னால் வெட்டு. காலர் எங்கேயும் ஓடிப்போகாது.

திட்டியாகிவிட்டது. இப்போது என் பங்கு.

நீ அந்த அறையைக் கேட்டாய். நான் தலையணை உறையைப் பற்றி எழுதினேன். விசிறியைப் பற்றி எழுதினேன். நீ கேட்டது கண்ணில் படாமல் இல்லை.

உன் அண்ணன் ஊரில் இத்தனை வீட்டுக்குப் பைப்பு போட்டவர். முட்டி போட்டு வேலை செய்தே முட்டி போய்விட்டது. கீழே உட்கார முடியவில்லை. அதனால்தான் படுக்கையறையை ஒட்டின சாமான் அறையைக் காலி செய்து, உட்காருகிற மாதிரி கழிப்பறை கட்ட ஆரம்பித்தார். தரையில் பைப்பு இறக்கி, மேடை கட்டிப் பூசினார். சுவரில் பென்சிலால் கோடு போட்டார். எது எங்கே வரும் என்று எனக்குக் காட்டினார். மறுநாள் வேறொரு வீட்டு வேலைக்குப் போனவர்தான். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

பீங்கான் கோப்பை பெட்டியோடு கூடத்தில் இருக்கிறது. அதன் மேல் ஒரு துணி விரித்து, தேய்த்த துணியை அடுக்குகிறேன். வருகிறவர்கள் மேஜை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு அம்மா அதில் தாம்பாளம் வைத்து டீ குடித்துவிட்டுப் போனார்.

அவரோடு வேலை செய்த ஒல்லி எத்தனையோ தரம் வந்து கேட்டான். "முடிச்சுக் குடுத்துடறேன்க்கா, ரெண்டு நாள் வேல" என்பான். "அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிடுவேன். டைல்ஸ் ஒட்டினால் அந்தக் கோடு மறைந்துபோகும். அவர் ஒரு நாள்கூட உட்காராத இடத்தில் நான் போய் உட்காருவதா? இப்படியெல்லாம் இருந்தது. இதை யாரிடம் சொல்வது, சிரிக்க மாட்டார்களா?

ஆனால் நீ அங்கே காய்ச்சலில் கிடந்தாய், இங்கே நான் ஒரு கோட்டுக்குக் காவல் இருந்தேன். அவர் இருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பார்! "கோட்ட வச்சு என்ன பண்ணப்போற, பொரிச்சா சாப்பிடுவ?" என்றிருப்பார்.

ஒல்லிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். மருந்தை முழுசாகச் சாப்பிடு, நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே. நர்சம்மா சொன்னது.

உன் அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

மருந்து முடிந்தது. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, பசி மட்டும் இருக்கிறது. அவரை அடிக்கவில்லை, அரை நாள் பேசாமல் இருந்தேன். அவர் அதை நிம்மதி என்று சொல்லிக்கொண்டார்.

மேற்பார்வை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு, "அடிப்பாவி, நான் உனக்கு பிஸ்கட் குடுக்காம பட்டினி போட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மெஷினை விட்டு எழுப்பவில்லை. கழிப்பறைப் பக்கமாகக் கடைசி மெஷினுக்கு மாற்றிவிட்டார். எனக்கு அட்டையும் வேண்டாமாம், "நீ பாட்டுக்குப் போ, ஒருத்தியும் கேக்க மாட்டா" என்றார். இதற்கா அண்ணி நான் தொண்டை காய்ந்து கிடந்தேன்? பக்கத்து மெஷின்காரி இப்போது தன் பங்குத் தண்ணீரையும் என்னைக் குடிக்கச் சொல்கிறாள்.

உங்கள் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். அறையை எனக்காக முடிக்க வேண்டாம். அந்தக் கோடு இருக்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். இப்போது எனக்கு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. நர்சம்மா சொன்ன மாதிரியே நாலாம் மாசம் விட்டுவிட்டது. தோட்டத்துக்கே போய்வருவேன், டார்ச் எடுத்துக்கொண்டு. அறை இல்லாவிட்டாலும் வருகிறேன்.

உங்கள் வாண்டு


மார்ச் 19

வாண்டுக்கு,

எழுதிவிட்டேன் பார். கை வந்துவிட்டது.

நான் சுகம். இது சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

உன் கடிதம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. குறைந்துவிட்டதாம்! உனக்காக ஓடி ஓடிக் கட்டினால், நீ சாவகாசமாக இப்போது தேவையில்லை என்கிறாய். பரவாயில்லை, கடைசி மாசங்களில் மறுபடி பிடிக்கும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை நான் உபயோகிக்கிறேன்.

நடந்ததைக் கேள். ஒல்லி கோப்பையை மேடையில் வைத்தான். உட்கார்ந்து பாருங்கள் என்று என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். உட்கார்ந்தேன். என் இரண்டு காலும் தரையில் படவில்லை, ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தொங்குகிற மாதிரி தொங்குகிறது. முட்டி மடங்காத மனுஷன், தன் உயரத்துக்கு மேடையைக் கட்டிவைத்திருக்கிறார்! நான் ஒருத்தி வீட்டில் இருக்கிறேன் என்கிற நினைப்பே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. வெளியிலிருந்து ஒல்லி, "அக்கா, அழாதீங்கக்கா" என்கிறான். "அழலடா, கால் எட்டல!" என்றேன். அதற்கப்புறம் அவனும் சிரித்தான்.

"இடிச்சு எறக்கிடட்டுமாக்கா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவர் பூசின மேடை, அப்படியே இருக்கட்டும். காலுக்குக் கீழே வைக்க ஒரு மரப் பலகை செய்யச் சொன்னேன். நர்சம்மாவிடம் சொன்னதற்கு, நல்லதுதான், காலுக்குத் தாங்கல் இருந்தால் முன்னால் குனிந்து உட்கார வசதி என்றார். ஆக உன் அண்ணன் தெரியாமல் செய்ததும் உனக்கு உதவுகிறது.

டைல்ஸ் நெஞ்சு உயரத்துக்கு ஒட்டியாகிவிட்டது. கீழே இருந்த கோடெல்லாம் போய்விட்டது. ஒட்டுகிறபோது நான் லாண்டரிக்குப் போகவில்லை, பக்கத்திலேயே நின்றேன். ஆனால் துண்டு போடுகிற கம்பிக்கு அவர் போட்ட கோடு இருக்கிறதே, அது மேலே. அவர் கைக்கு எட்டுகிற உயரம். நீயும் நானும் ஏணி போட்டுத்தான் துண்டு எடுக்க வேண்டும். கம்பியை நமக்கு எட்டுகிறபடி கீழே அடிக்கச் சொல்லிவிட்டேன். அந்தக் கோடு சுவரில் அப்படியே நிற்கிறது. கதவைத் திறந்ததும் தெரிகிறது.

கூடத்தில் பெட்டி இருந்த இடம் காலி. தேய்த்த துணியை வைக்க இடமில்லாமல் உன் கட்டிலில் அடுக்கியிருக்கிறேன். நீ வந்து எடுத்துவைத்துவிட்டுப் படு.

தம்பியை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். நீ கேட்கிற இடத்தில் நிறுத்தச் சொல். தண்ணீர்ப் பாட்டிலை நிறைத்து எடுத்துக்கொண்டு கிளம்பு, காலியாக வந்து சேர். ஆனால் நீ குடித்துக் காலியாக. கிளம்பும்போது எனக்குப் போன் செய். எடுக்கிறேன். நீ "அண்ணி" என்று எவ்வளவு வேண்டுமானாலும் இழு.

இந்த வீட்டில் ஆணி இல்லை, அட்டை இல்லை. விளக்கை எரியவிட்டு வைக்கிறேன். ராத்திரி எத்தனை தடவை வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல் எழுந்து போ.

உன் வரவைப் பார்த்து
அண்ணி